பட்ட மரம் காட்டுக்கு எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டில் செத்து நிற்கிற மரத்தையும் விழுந்து கிடக்கிற கட்டையையும் பார்த்ததும், "இதையெல்லாம் எடுத்துச் சுத்தம் செய்யக் கூடாதா?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கேள்வியும் அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளும் இங்கே இருக்கின்றன. என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பட்ட மரத்தைக் காட்டிலிருந்து எடுப்பவர்தான் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். விட்டுவைப்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை.

பட்ட மரம் என்றால் நின்றபடி காய்ந்த மரம் மட்டும்தானா?

இல்லை. காற்றில் பாதியில் முறிந்தது, வேரோடு சாய்ந்தது, தரையில் கிடக்கும் கிளை, வெட்டிய பிறகு மிஞ்சும் அடிக்கட்டை, மண்ணுக்குள் செத்துப்போன வேர் எல்லாமே இதில் அடக்கம். உயிரோடிருக்கும் மரத்தின் காய்ந்த கிளையும், அதன் நடுவில் உளுத்து உண்டான பொந்தும்கூடச் சேரும். வயதான மரம் ஒன்று ஒரு பக்கம் தழைத்துக்கொண்டும் இன்னொரு பக்கம் மக்கிக்கொண்டும் நூறு, இருநூறு ஆண்டுகள் நிற்பது சாதாரணம்.

செத்த மரத்தில் அப்படி என்ன வாழ்கிறது?

பின்லாந்தில் இதைப் பொறுமையாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அந்த நாட்டில் மட்டும் 4,000 முதல் 5,000 வகை உயிரினங்கள் ஏதாவதொரு கட்டத்தில் செத்த மரத்தை நம்பி வாழ்கின்றன. காட்டில் வாழும் எல்லா உயிரினங்களிலும் ஏறக்குறைய நாலில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று. ஆங்கிலேயச் சூழலியலாளர் சார்லஸ் எல்டன் 1966இலேயே இதே அளவைச் சொன்னார்: விழுந்த மரங்களையும் மக்கும் மரங்களையும் காட்டிலிருந்து எடுத்துவிட்டால், அதன் விலங்கினங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும் என்று.

ஒரே ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். செத்த முதல் கோடையில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் இனிப்பான மெல்லிய அடுக்கைத் தேடிப் பட்டை வண்டுகள் வருகின்றன. பட்டையை உரித்துப் பார்த்தால் அவை குடைந்த பாதைகள் தெரியும். தாய் வண்டு போட்ட நேர்கோடு நடுவில் இருக்கும். குஞ்சுப் புழுக்கள் அதன் இரு பக்கமும் கிளை கிளையாகக் குடைந்துகொண்டு போயிருக்கும். புழு வளர வளர பாதை அகலமாகி, கூட்டுப்புழுவான இடத்தில் முடியும். அந்த வண்டுகளைத் தின்ன வேறு வண்டுகள் அதே துளை வழியாக நுழைகின்றன. அந்தப் புழுக்களின் மேல் முட்டையிட ஒட்டுண்ணிக் குளவிகள் வெளியிலிருந்தே பட்டையைத் துளைக்கின்றன.

இரண்டு, மூன்று ஆண்டுகளில் பட்டை கழன்றுவிடும், முதலில் வந்த கூட்டம் போய்விடும். அப்புறம் நீளக்கொம்பு வண்டுகளின் புழுக்கள் கட்டைக்குள் ஆழமாக இறங்கும். அவை விட்டுப்போன துளைகளில் தனித்து வாழும் தேனீக்களும் குளவிகளும் கூடு கட்டும். காளான் வந்தால் காளானை மட்டுமே தின்னும் வண்டுகளும் ஈக்களும் வரும். கட்டை மேலும் மெத்தென்று ஆனதும் பாசி, மரவட்டை, பூரான், நத்தை. ஈரமான பழைய கட்டைக்கு அடியில் வட அமெரிக்காவின் நுரையீரல் இல்லாத சலமாண்டர்கள் (பல்லி போலத் தோன்றும், தவளையின் உறவினங்கள்) ஒளிந்திருக்கும். அவை தோலால் மூச்சுவிடுகின்றன, தோல் உலர்ந்தால் செத்துவிடும். கோடை முழுக்க ஈரம் பிடித்துவைத்திருக்கும் கட்டை அவற்றுக்கு உயிர் காக்கும் இடம்.

இந்த ஒவ்வொரு கூட்டமும் வேறொரு கட்டத்தில் வருகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஐந்து ஆண்டு பழைய கட்டையில் வாழும் வண்டு நாற்பது ஆண்டு பழைய கட்டையில் வாழாது. அதனால் ஒரு காட்டில் எல்லா வயதுக் கட்டையும் எப்போதும் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

மரம் எப்படி மக்குகிறது? மழையும் வெயிலும் பட்டுத்தானே?

வெயிலும் மழையும் மேற்பரப்பைத்தான் தொடும். உண்மையான வேலை பூஞ்சைகளுடையது. மரத்தில் செல்லுலோஸ் என்ற நாரும், அந்த நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினும் இருக்கின்றன. லிக்னினை முழுதாக உடைக்கத் தெரிந்த உயிர்கள் மிகச் சில. வெண்மக்குப் பூஞ்சைகள் அதில் முதன்மையானவை.

கையில் எடுத்துப் பார்த்தாலே எந்த வகைப் பூஞ்சை வேலை செய்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். கட்டை வெளுத்து, ஈரமாக, நார் நாராகப் பிரிந்து வந்தால் வெண்மக்கு. கரும்பழுப்பாகி, குறுக்கும் நெடுக்கும் வெடித்துச் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகளாக உடைந்து, விரலால் நசுக்கினால் பொடியானால் அது பழுப்பு மக்கு. பழுப்பு மக்குப் பூஞ்சை நாரைத் தின்றுவிட்டு லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஊசியிலை மரங்களில் இது அதிகம். அந்தப் பழுப்புப் பொடி மண்ணில் கலந்து நீண்ட காலம் கிடந்து ஈரம் பிடிக்கும்.

பூஞ்சைக்கும் ஒரு கஷ்டம் உண்டு. மரத்தில் கார்பன் ஏராளம், நைட்ரஜன் மிகக் குறைவு. அதனால் பூஞ்சை தன் இழைகளை மண்ணுக்குள் விட்டு நைட்ரஜனைக் கட்டைக்குள் இழுத்துக்கொள்கிறது. நாம் சமைத்துச் சாப்பிடும் சிப்பிக் காளான் இன்னும் ஒருபடி மேலே போய், மண்ணிலும் கட்டையிலும் நெளியும் நூற்புழுக்களை நஞ்சால் முடக்கி, அவற்றின் உடலிலிருந்து நைட்ரஜனை எடுத்துக்கொள்கிறது. கட்டையைத் தின்னும் வண்டுப் புழுக்கள் பலவற்றுக்கும் பூஞ்சை பதப்படுத்திக் கொடுத்த பிறகுதான் மரம் உணவாகிறது.

வெப்ப மண்டலத்தில் கறையான்களின் பங்கு பெரியது. அவற்றின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் மரத்தைச் செரிக்க உதவுகின்றன. ஒரு பிரிவுக் கறையான்கள் புற்றுக்குள் காளான் தோட்டமே வளர்க்கின்றன. 2022இல் உலகின் பல காடுகளில் ஒரே மாதிரி மரத்துண்டுகளை வைத்துப் பார்த்த ஆய்வு வெளியானது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் கறையான் மரத்தைத் தின்னும் வேகம் ஏறக்குறைய ஏழு மடங்காகிறது என்று அதில் தெரிந்தது. நுண்ணுயிர்களின் வேகம் அந்த அளவுக்குக் கூடவில்லை.

ஒரு மரம் முழுதாக மக்க எவ்வளவு காலம் ஆகும்?

கறையான் உள்ள வெப்பக் காட்டில் மெல்லிய கட்டை சில ஆண்டுகளில் காணாமல் போகும். குளிர்க் காட்டில் பெரிய மரம் நூறாண்டைத் தாண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள ஆண்ட்ரூஸ் ஆய்வுக் காட்டில், 500க்கும் மேற்பட்ட மரத்தண்டுகளைக் கிடத்திவைத்து அவை எப்படி மக்குகின்றன என்று 1985இல் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த ஆய்வுக்கு அவர்கள் வகுத்த காலம் 200 ஆண்டுகள். தொடங்கியவர்கள் யாரும் முடிவைப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே தொடங்கியது.

மரத்தின் இனமும் முக்கியம். வைரம் பாய்ந்த மரம் மெதுவாக மக்கும். வட ஐரோப்பாவில் மெதுவாக வளர்ந்த பைன் மரங்கள், செத்த பிறகு பட்டையெல்லாம் உதிர்ந்து, வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இன்னும் சில நூற்றாண்டுகள் நிற்கும். பின்லாந்தில் அவற்றைக் கேலோ என்கிறார்கள். வேறெங்கும் வளராத சில லைக்கன்கள் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்கள்) அந்த மரத்தில்தான் இருக்கும். இன்று நடும் பைன் ஒன்று கேலோ ஆக வேண்டுமென்றால் பல நூறாண்டு வேண்டும், அதனால் இருப்பதை வெட்டினால் ஈடு கிடையாது.

பறவைகளுக்கு என்ன பயன்?

பொந்து. மரங்கொத்தி தன் அலகால் பொந்து குடையும். நடுக்கட்டை ஏற்கெனவே பூஞ்சையால் இளகியிருக்கும் மரத்தைத்தான் அது பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும். அது விட்டுப்போன பொந்தில், தானாகக் குடையத் தெரியாத எத்தனையோ உயிர்கள் குடியேறும். ஐரோப்பாவின் கருமரங்கொத்தி குடைந்த பொந்துகளில் ஆந்தை, காட்டுப்புறா, மரமேறும் சிறு வேட்டை விலங்கான மார்ட்டன் எல்லாம் குடியிருக்கும். இருவாச்சிகளுக்கும் பொந்து குடையத் தெரியாது. நடுமரம் உளுத்துத் தானாக உண்டான பெரிய பொந்து வேண்டும், அதுவும் பருத்த மரத்தில். அப்படி ஒரு பொந்து கிடைத்த பிறகுதான் பெண் பறவை உள்ளே புகுந்து வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும்.

பொந்து மட்டும் போதாத பறவைகளும் உண்டு. வெண்முதுகு மரங்கொத்திக்குச் செத்த இலையுதிர் மரங்களில் உள்ள வண்டுப் புழுக்கள்தான் உணவு. மரங்களைச் சுத்தமாக எடுத்துவிட்ட ஸ்வீடனில் அந்தப் பறவை ஏறக்குறைய அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. வௌவால்களில் சில இனங்கள் பாதி கழன்று தொங்கும் பட்டைக்கு அடியில் பகலைக் கழிக்கின்றன. விரல் நுழையும் அந்த இடுக்கு சில ஆண்டுகளுக்கு மேல் நிலைக்காது, பட்டை உதிர்ந்துவிடும். எனவே பக்கத்தில் அடுத்த மரம் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நிற்கும் மரமா, விழுந்த மரமா, எது முக்கியம்?

இரண்டும். ஒன்றில் வாழ்வது பெரும்பாலும் மற்றதில் வாழாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், நான் பருத்த மரத்தைத் தேர்ந்தெடுப்பேன், அது நின்றாலும் சரி, கிடந்தாலும் சரி. மெல்லிய கிளைகள் எந்தக் காட்டிலும் தாமே வந்துவிடும், பெரிய தண்டு வராது.

வெயிலா நிழலா என்பதும் பெரிய வித்தியாசம். ஆல்ப்ஸ் ரோசாலியா என்ற நீலநிற நீளக்கொம்பு வண்டு வெயில் படும், செத்த பீச் என்ற இலையுதிர் மரத்தில் முட்டையிடும். காட்டோரம் வெயிலில் அடுக்கிவைத்த விறகுக் கட்டை அதற்கு அருமையான இடமாகத் தோன்றும். முட்டையிட்டுப் போன பிறகு விறகு ஏற்றிச் செல்லப்பட்டு எரிக்கப்படும், புழுக்களும் சேர்ந்து எரியும். விறகை வெயில் காலத்துக்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும், அல்லது எடுக்கவே கூடாது. பாதி வழியில் விட்டுவைப்பதுதான் மோசம்.

பட்ட மரத்தை விட்டால் பூச்சியும் நோயும் பெருகி நல்ல மரங்களையும் அழித்துவிடாதா?

இது நியாயமான கவலை, ஆனால் தேவைக்கு மேல் விரிவாக்கப்பட்ட கவலை. செத்த மரத்தில் வாழும் ஆயிரக்கணக்கான உயிரினங்களில் உயிருள்ள மரத்தைத் தாக்கிக் கொல்லக் கூடியவை மிகச் சில. ஐரோப்பாவில் அதற்குப் பேர்போனது ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தைத் தாக்கும் எட்டுப்பல் பட்டை வண்டு. அதற்குப் புதிதாகச் செத்த, பட்டைக்கு அடியில் இன்னும் ஈரம் இருக்கிற மரம் வேண்டும். ஓரிரு கோடை கழிந்து பட்டை காய்ந்தால் அதற்கு அங்கே வேலையில்லை. ஆக, பத்து ஆண்டு பழைய கட்டையை "பூச்சிக்கூடு" என்று சொல்லி எடுப்பதற்கு அடிப்படையே கிடையாது. சொல்லப்போனால், பட்டை வண்டைத் தின்னும் வண்டுகளும் மரங்கொத்திகளும் இருப்பது அந்தப் பழைய மரங்களில்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2005 ஜனவரியில் குட்ருன் புயல் தென் ஸ்வீடனில் ஏறக்குறைய 7.5 கோடி கன மீட்டர் மரத்தை ஒரே இரவில் சாய்த்தது, பெரும்பாலும் ஸ்புரூஸ். அடுத்தடுத்த ஆண்டுகளில் பட்டை வண்டு பெருகி நின்ற மரங்களையும் தாக்கியது. ஒரே இனம், ஒரே வயது என்று நட்ட தோட்டக்காட்டில் அவ்வளவு புதுக்கட்டையும் ஒரே சமயத்தில் கிடந்தால் உரிமையாளருக்கு நட்டம்தான். அங்கே புதிதாக விழுந்த ஸ்புரூஸை எடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

பாதுகாக்கப்பட்ட காட்டில் கணக்கே வேறு. ஜெர்மனியின் முதல் தேசியப் பூங்காவான பவேரியக் காட்டில் 1983இல் புயலால் விழுந்த மரங்களை அப்படியே விட்டுவிட முடிவு செய்தார்கள். 1990களில் பட்டை வண்டு ஆயிரக்கணக்கான ஹெக்டேர் ஸ்புரூஸைக் கொன்றது. மலைச்சரிவு முழுக்கச் சாம்பல் நிறத் தண்டுகள். சுற்றியிருந்த ஊர் மக்கள் கொதித்துப் போனார்கள், காடே அழிந்துவிட்டது என்றார்கள். யாரும் நடாமலேயே அந்தத் தண்டுகளுக்கு நடுவில் புதுக் காடு எழுந்தது, முன்பைவிடப் பல வயது மரங்களோடு. எங்கோ ஒதுங்கிக் கிடந்த அரிய மஞ்சள் பூஞ்சையான ஆன்ட்ரோடியெல்லா சிட்ரினெல்லாவும் பரவியது. அது பெரும்பாலும், சிவப்பு விளிம்புக் காளான் ஏற்கெனவே மக்கவைத்த ஸ்புரூஸ் கட்டையில்தான் வரும். அந்த அளவுக்குக் குறிப்பான தேவையுள்ள உயிருக்கு, கட்டைகள் ஏராளமாக இருந்தால்தான் ஒன்றாவது பொருந்தும்.

போலந்தின் பியாவோவியேஷா காட்டில் இதற்கு எதிர்மாறாக நடந்தது. பட்டை வண்டைக் காரணம் காட்டி 2016இல் மரம் வெட்டும் அளவை மும்மடங்காக்கினார்கள். அது சட்டவிரோதம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

காய்ந்த மரம் கிடந்தால் காட்டுத்தீ வராதா?

தீ பற்றுவதும் பரவுவதும் பெரும்பாலும் மெல்லிய பொருளால்: புல், சருகு, சுள்ளி. அவை ஒரு மணி நேர வெயிலிலேயே காய்ந்துவிடும். தொடை பருமனுக்கு மேற்பட்ட கட்டை உள்ளே காய வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வறட்சி வேண்டும். நன்றாக மக்கிய கட்டை தன் எடைக்கு மேல் தண்ணீர் பிடித்திருக்கும். ஆனால் கடும் வறட்சியில் பெரிய கட்டையில் தீ பிடித்துவிட்டால் அது நாள்கணக்கில் கனன்று அடியில் மண்ணைச் சுட்டுவிடும், அணைப்பதும் கடினம். அதனால் வீடுகளுக்கும் சாலைக்கும் அருகில் சுள்ளியையும் அடர்ந்த கிளைக் குவியலையும் அகற்றுவது சரி. அதே காரணத்தைச் சொல்லி நடுக்காட்டில் கிடக்கும் பெருந்தண்டுகளை எடுப்பது சரியில்லை.

விழுந்த மரத்தின் மேல் செடி முளைக்குமா?

சில காடுகளில் அங்கே மட்டும்தான் முளைக்கும் என்றே சொல்லலாம். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர மழைக்காட்டில் தரை முழுக்கப் பாசியும் புதர்களும் அடைத்துக்கொண்டிருக்கும், சின்ன விதையில் வரும் நாற்று அவற்றோடு போட்டி போட முடியாது. அங்கே ஆய்வு செய்த இடங்களில் தரைப்பரப்பில் 6 முதல் 11 சதவீதம்தான் விழுந்த தண்டுகள். நாற்றுகளிலோ 94 முதல் 98 சதவீதம் அந்தத் தண்டுகளின் மேல்தான் நின்றன. நாற்று வளர்ந்து தன் வேரைத் தண்டின் இரு பக்கமும் தரைக்கு இறக்கும். பல ஆண்டு கழித்துத் தண்டு மக்கி மறைந்ததும், பெரிய மரம் வேர்க்கால்களின் மேல் நிற்கும், அடியில் ஆள் புகும் அளவு இடைவெளி இருக்கும். நேர்கோட்டில் வரிசையாக நிற்கும் மரங்களை அந்தக் காட்டில் பார்த்தால், அடியில் முன்பு ஒரு தண்டு கிடந்தது என்று அர்த்தம்.

ஓடையில் விழுந்த மரத்தையாவது எடுக்கலாமா?

பாலத்தையோ மதகையோ அடைத்தால் எடுக்கத்தான் வேண்டும். மற்ற இடங்களில் வேண்டாம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் 1950கள் முதல் 1970கள் வரை, சால்மன் மீன் ஏறுவதற்கு இடைஞ்சல் என்று ஓடைகளில் கிடந்த மரங்களை இயந்திரம் வைத்து இழுத்து எடுத்தார்கள். பிறகு பார்த்தால் ஓடை ஒரே சீராக, வேகமாக, ஆழமில்லாமல் ஓடியது. மரம் குறுக்கே கிடந்தபோதுதான் அதன் கீழ்ப்புறம் தண்ணீர் குடைந்து மடு உண்டாகியிருந்தது, மேல்புறம் சரளைக்கல் தங்கியிருந்தது. மீன் முட்டையிட அந்தச் சரளை, குஞ்சு பிழைக்க அந்த மடு. இன்று அதே ஓடைகளில் பெரும் செலவு செய்து, சில இடங்களில் ஹெலிகாப்டரில் கொண்டுவந்து, மரத்தண்டுகளைத் திரும்பப் போடுகிறார்கள்.

மக்கும் மரம் கார்பனை வெளிவிடுகிறதே, அது கெடுதல்தானே?

உலகக் காடுகளின் செத்த மரத்தில் ஏறக்குறைய 7,300 கோடி டன் கார்பன் இருக்கிறது, காடுகளின் மொத்தக் கார்பனில் சுமார் 8 சதவீதம். ஆண்டுக்கு 1,090 கோடி டன் அளவு அதிலிருந்து வெளிப்படுகிறது என்றும், அதில் 29 சதவீதம் பூச்சிகளின் வேலை என்றும் 2021இல் வெளியான உலகளாவிய ஆய்வு கணக்கிட்டது. பெரிய எண்தான். ஆனால் அது புதிதாக வந்த புகை அல்ல. செத்துச் சேர்வதும் மக்கி வெளியேறுவதும் சேர்ந்த சுழற்சி அது. வெளியேறும் கார்பனில் ஒரு பகுதி மண்ணுக்குள்ளும் போகிறது.

மரத்தை எடுத்து எரித்தால் அதே கார்பன் ஒரே நாளில் காற்றில் கலந்துவிடும். காட்டில் கிடந்தால் பல பத்தாண்டுகளில், மெதுவாக. வீட்டுக் கட்டுமானத்தில் நூறாண்டு இருக்கும் மரத்தை எடுப்பது ஒரு கணக்கு. பட்ட மரத்தை அரைத்து எரிபொருளாக்குவதைக் காலநிலைக்கு நல்லது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு ஹெக்டேரில் எவ்வளவு இருந்தால் போதும்?

ஐரோப்பிய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்து 2010இல் சொல்லப்பட்ட அளவு: குளிர் ஊசியிலைக் காட்டில் ஹெக்டேருக்கு 20 முதல் 30 கன மீட்டர், மலைக் கலப்புக் காட்டில் 30 முதல் 40, தாழ்நில ஓக், பீச் காட்டில் 30 முதல் 50. இதற்குக் கீழே போனால் உயிரினங்கள் வேகமாகக் குறைகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க: தென் பின்லாந்தின் இயற்கையான பழங்காட்டில் 60 முதல் 120 கன மீட்டர் இருக்கும். அங்கேயே மரத்துக்காக வளர்க்கும் காட்டில் 5 கன மீட்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

கறையான் வேகமாகத் தின்னும் வெப்பக் காட்டுக்கு இந்த எண்களை அப்படியே கொண்டுபோகக் கூடாது. அங்கே எந்த நேரத்திலும் தரையில் கிடப்பது குறைவாகவே இருக்கும், புதிதாக மரம் பட்டு வந்துகொண்டே இருப்பதுதான் முக்கியம்.

எல்லா இடத்திலும் சீராகத் தூவவும் தேவையில்லை. ஓரிடத்தில் நூறு கன மீட்டரும் இன்னோரிடத்தில் பத்தும் இருப்பது, எல்லா இடத்திலும் முப்பது இருப்பதைவிடப் பல அரிய உயிர்களுக்கு நல்லது. ஆனால் அந்தச் செழித்த இடங்கள் ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஓக் பொந்தில் வாழும் துறவி வண்டு என்ற பெரிய வண்டில் ஏறக்குறைய 15 சதவீதம்தான் பிறந்த மரத்தைவிட்டு வேறு மரத்துக்குப் போகிறது. அதுவும் சில நூறு மீட்டர் தூரம்தான்.

விறகு பொறுக்கினால் காடு கெட்டுவிடுமா?

உலகில் வெட்டி எடுக்கப்படும் மரத்தில் ஏறக்குறைய பாதி அடுப்புக்கும் வெப்பத்துக்கும்தான் போகிறது. கோடிக்கணக்கான வீடுகளின் சமையல் அதை நம்பியிருக்கும்போது, "பொறுக்காதே" என்று சொல்வது பதிலாகாது. கையால் ஒடித்துத் தலைச்சுமையாக எடுத்துப்போகும் சுள்ளியால் பெரிய கேடு வருவது அபூர்வம். கோடரியும் வண்டியும் வந்து பருத்த தண்டுகளும் பொந்து மரங்களும் போகும்போதுதான் இழப்பு. ஊருக்கு அருகில் உள்ள காட்டில் எது எடுக்கலாம், எது கூடாது என்று பருமனை வைத்து ஊராரோடு சேர்ந்து முடிவு செய்துகொள்வதே நடக்கக்கூடிய வழி.

புயலோ தீயோ அடித்த பிறகு மரத்தை எடுத்து விற்றால் நட்டமாவது குறையுமே?

பணம் கொஞ்சம் வரும், காடு திரும்புவது தாமதமாகும். 2002இல் ஓரிகனில் பிஸ்கட் தீ என்ற பெருந்தீ எரிந்தது. எரிந்த மரங்களை இயந்திரம் வைத்து எடுத்த இடங்களில், இயற்கையாக முளைத்திருந்த நாற்றுகளில் ஏறக்குறைய 70 சதவீதம் அழிந்துபோயின. வெட்டும்போது விழுந்த கிளைகளால் தரையில் தீப்பொருளும் கூடியது. எரிந்த மரத்துக்கென்றே வரும் உயிர்களும் இருக்கின்றன. மெலனோபிலா வண்டு தன் மார்பில் உள்ள உறுப்பால் தீயின் அகச்சிவப்புக் கதிரை உணர்ந்து, தணல் ஆறுவதற்குள் வந்து முட்டையிடும். அதன் புழுவைத் தேடிக் கருமுதுகு மரங்கொத்தி வரும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு பகுதியைத் தொடாமல் விடுங்கள், அதுவும் பெரிய மரங்கள் நிற்கும் பகுதியை.

பட்ட மரத்தை நாமே உண்டாக்க முடியுமா?

முடியும். அறுவடையின்போது சில மரங்களை அடியில் வெட்டாமல் 3 முதல் 5 மீட்டர் உயரத்தில் வெட்டி நிறுத்துவது ஸ்வீடனில் வழக்கமாகிவிட்டது. சுற்றிலும் பட்டையைச் சீவி மரத்தை மெல்லச் சாகவிடலாம். வின்ச் என்ற இழுவைக் கருவியைக் கட்டி இழுத்து வேரோடு சாய்க்கலாம், அப்போது வேர்த்தட்டும் குழியும் சேர்ந்து கிடைக்கும். உயிருள்ள மரத்தில் காயம் செய்து பொந்து சீக்கிரம் உண்டாக வழி செய்யலாம்.

இவையெல்லாம் புதுக்கட்டையைத்தான் தரும். எண்பது ஆண்டு மக்கிய கட்டையை யாராலும் செய்து வைக்க முடியாது. அதனால் ஏற்கெனவே இருப்பதை விட்டுவைப்பதுதான் செலவில்லாத வழி, சிறந்த வழியும்கூட. மரம் வெட்டும் இயந்திரங்கள் பழைய கட்டைமேல் ஏறி நசுக்காமல் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பாதையோரம் பட்ட மரம் நின்றால் ஆபத்தாயிற்றே?

ஆபத்துதான். முடிந்தால் பாதையை நகர்த்துங்கள். முடியாவிட்டால் கிளைகளையும் உச்சியையும் மட்டும் இறக்கிவிட்டு, தண்டைக் குட்டையாக நிறுத்துங்கள். அதுவும் ஆகாதென்றால் சாய்த்து, விழுந்த இடத்திலேயே நீளமாக விடுங்கள், துண்டு போட வேண்டாம். பட்ட மரத்தில் வேலை செய்வது அனுபவசாலிக்கே அபாயமான வேலை, உச்சியிலிருந்து கிளை முறிந்து விழும்.

எங்கள் காட்டில் எவ்வளவு கிடக்கிறது என்று எப்படி அளப்பது?

எளிய வழி ஒன்று உண்டு. 100 மீட்டர் கயிற்றை நேராக இழுத்துக் கட்டுங்கள். அந்தக் கோட்டை எந்தெந்தத் தண்டுகள் குறுக்கே வெட்டுகின்றனவோ, வெட்டும் இடத்தில் ஒவ்வொன்றின் விட்டத்தையும் சென்டிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விட்டங்களைத் தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டி, 9.87ஆல் பெருக்கி, கோட்டின் நீளத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் ஹெக்டேருக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். மூன்று தண்டுகள், 20, 30, 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 400, 900, 1,600 சேர்ந்தால் 2,900. அதை 9.87ஆல் பெருக்கி 800ஆல் வகுத்தால் சுமார் 36 கன மீட்டர். ஒரே கோட்டை நம்ப வேண்டாம், பல திசைகளில் பல கோடுகள் போடுங்கள். நிற்கும் மரங்களைத் தனியாக எண்ணிச் சேர்க்க வேண்டும்.

கூடவே ஒரு கத்தியும் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு கட்டையிலும் குத்திப் பாருங்கள்: இறங்கவே இல்லையா, விரல்கடை அளவு இறங்குகிறதா, பிடி வரை போகிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே நிலையில் இருந்தால், அளவு எவ்வளவு இருந்தாலும் அந்தக் காட்டில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

என்னிடம் காடு இல்லை, தோட்டம்தான் இருக்கிறது. ஏதாவது செய்யலாமா?

தாராளமாக. தோட்டத்தில் வெட்டிய மரத்தின் தடித்த துண்டுகளைப் பட்டையோடு எடுத்து, ஒரு பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி நிறுத்திப் புதையுங்கள். மான்கொம்பு வண்டின் புழு மண்ணுக்கடியில் மக்கும் கட்டையைத் தின்று பல ஆண்டுகள் வளரும், அதற்கு இந்த அமைப்பு பிடிக்கும். வேறு சில துண்டுகளைச் செடி நிழலில் தரையோடு படும்படி கிடத்துங்கள். வார்னிஷ் அடித்ததும் மருந்து ஏற்றியதும் வேண்டாம்.

கறையான் உள்ள இடமென்றால் வீட்டுச் சுவரிலிருந்தும் மர வேலிகளிலிருந்தும் நன்றாகத் தள்ளியே வையுங்கள். கட்டை இற்றுப்போய்க் குவியல் தாழ்ந்ததும் புதிய துண்டுகளை மேலே போடுங்கள். பழையதைக் கிளறி எடுத்துவிட்டுப் புதிதாக அடுக்க வேண்டாம், புழுக்கள் அதற்குள்தான் இருக்கும்.